குழலைத் துடைத்தவள்

மாதா துணை

12 மார்ச் 1995

அன்புள்ள தங்கை நிமியாவுக்கு, உன் அக்கா காசியானா எழுதுவது.

நலம் விசாரிப்பது அப்புறம். முதலில் சாட்சிகளை எழுதிவிடுகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை மாமரத்தடியில் இருந்தவர்கள்: நான், நீ, உன் வீட்டுக்காரர் எலாதியோ, எனக்குத் தம்பியும் உனக்கு அண்ணனுமான கிறிஸ்பீன், அவன் பெண்டாட்டி எர்மீனியா, பக்கத்து வீட்டு புருதென்சியா, கோயிலில் மணி அடிக்கும் செவேரோ. செவேரோவுக்கு ஒரு கண் தெரியாது. ஆனாலும் அவரும் பார்த்தார்.

நம் அம்மாவின் மாட்டுக்கொம்புக் கோப்பையில் தெரெரே சுற்றி வந்துகொண்டிருந்தது. நான்தான் இலையில் குளிர்ந்த தண்ணீரை ஊற்றி ஊற்றிக் கொடுத்தேன். எல்லோருக்கும் ஒரே கோப்பை, உறிஞ்ச ஒரே குழல். நீ குடித்தாய். உனக்கு அடுத்தது எர்மீனியா. கோப்பையை வாங்கினாள். பாவாடை ஓரத்தை எடுத்துக் குழலைத் துடைத்தாள். பிறகு வாயில் வைத்தாள். அந்தக் குழலை யாரும் யாருக்குப் பிறகும் துடைத்ததில்லை. வருஷம் முழுக்க மூக்கு ஒழுகும் செவேரோவுக்குப் பிறகுகூடத் துடைத்ததில்லை.

அடுத்த சுற்றில் நீ, "எனக்குப் போதும்க்கா" என்று சிரித்தாய். உன் சிரிப்பு எனக்குத் தெரியாதா? வெள்ளிக்கிழமை வரை இருப்பதாக வந்தவள், திங்கட்கிழமையே புயெனொஸ் ஐரெஸ் பஸ்ஸில் ஏறிவிட்டாய்.

நீ போனதும் எர்மீனியாவைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"ஏன்டி, புத்துநோய் என்ன சளியா, ஒட்டிக்கிறதுக்கு?"

"அய்யோ அண்ணி, நான் நினைச்சுச் செய்யலை. கை தன்னால போயிடுச்சு."

கை தன்னால் போகுமாம். கோப்பையில் இருந்ததை அவள் காலடியில் கொட்டினேன்.

அன்றைக்கு உன்னிடம் தனியாக ஒரு விஷயம் பேச வேண்டும் என்று இருந்தேன். அது கிடக்கட்டும்.

இத்துடன் ஒரு துணிப்பை வருகிறது. குருவிக்குப் போடும் தினையை உள்ளே அடைத்துத் தைத்தது. மார்பை எடுத்த பக்கத்தில் வைத்துக்கொள். பஞ்சு வைத்தால் கனம் இருக்காது, நடை ஒரு பக்கமாகச் சாயும். வரும் பிப்ரவரியில் கந்தெலாரியா மாதா திருவிழாவுக்கு நீ தலையில் குடம் வைத்து ஆட வேண்டும். அம்மாவின் நேர்ச்சை அது. இந்த வருஷத்துக்கு மட்டும் மாதாவிடம் தவணை வாங்கியிருக்கிறேன்.

நானும் பேரப்பிள்ளைகளும் நலம். நீ சாப்பிடுகிறாயா?

உன் அக்கா,
காசியானா


9 ஏப்ரல் 1995

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் இருவரும் நலம். உங்கள் எல்லோருடைய நலமும் அறிய ஆவல். மருந்து எல்லாம் முடிந்து முடி வளர்கிறது. முன்பு நேராக இருந்தது, இப்போது சுருட்டை. "யாரோ வேற பொம்பளை நம்ம வீட்டுக்குக் குடி வந்துட்டா" என்கிறார் எலாதியோ.

எர்மீனியா அண்ணி மேல் எனக்குக் கோபம் இல்லை. இஸ்திரிக் கடையில் கூப்பிட்டார்கள், அதனால்தான் முன்னாலேயே கிளம்பினேன்.

நீ தைத்த பையைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒருநாள் அதைத் துவைத்து, சரியாகக் காயாமல் வைத்துக்கொண்டேன். அது பழக்கமாகிவிட்டது. போன வாரம் காலையில் ரவிக்கை போடும்போது நெஞ்சில் ஏதோ குத்தியது. தொட்டேன். புதிதாக, கூராக, என்னவோ வளர்ந்திருந்தது. நான் போட்ட கூச்சலில் எலாதியோ சவர அலகோடு ஓடி வந்தார். பையைப் பிரித்துப் பார்த்தால் தினை முளைவிட்டிருக்கிறது! பச்சையாகத் துணியைத் துளைத்துக்கொண்டு! அவர் தரையில் உட்கார்ந்து சிரித்தார். நானும் சிரித்தேன். ஆனால் அக்கா, சிரித்து முடித்த பிறகும் விரலால் நெஞ்சைத் தடவி, வேறு ஏதாவது இருக்கிறதா என்று தேடினேன்.

இப்போது எல்லாம் அப்படித்தான். இருமினால் நுரையீரலுக்குப் போய்விட்டது என்று நினைக்கிறேன். முதுகு வலித்தால் எலும்புக்கு வந்துவிட்டது என்று. ஜூனில் முதல் பரிசோதனைக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். பார்க்காதவரை அது இல்லை என்றே இருந்துவிடலாம் போல இருக்கிறது.

குடத்தைப் பற்றி இனி எழுதாதே. என் வலது கை காதுக்கு மேல் போவதில்லை. அலமாரிக் கதவைத் திறந்து, அதற்குப் பின்னால் நின்று உடை மாற்றுகிறேன். இவளா ஊர் முன்னால் ஆடப்போகிறாள்?

அன்புடன்,
நிமியா


14 மே 1995

அன்புள்ள நிமியாவுக்கு,

நலம். நாடுவதும் அதுவே. முளைத்த கதையைப் படித்துச் சிரித்ததில் என் மூத்த பேத்தி பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தாள். புதுப் பை அனுப்புகிறேன். தினையைச் சட்டியில் போட்டு வறுத்துவிட்டேன். இனி முளைத்தால் என் பெயரை மாற்றி வை.

பரிசோதனைக்குப் போ. நீ போகவில்லை என்று கேள்விப்பட்டால் நானே பஸ் ஏறி வந்து உன் சுருட்டை முடியைப் பிடித்து இழுத்துக்கொண்டு போவேன். உடம்பு உன்னுடையது, அதைக் கண்டு ஓடுவாளா ஒருத்தி?

எர்மீனியா மேல் கோபம் இல்லையாம். 1961-இல் அவள் கல்யாண விருந்தில் நம் அம்மாவை ரொட்டி அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார வைத்தாள். ஜனவரிக் கோடை வெயிலில்! அம்மா நீலப் பூப்போட்ட ரவிக்கை போட்டிருந்தாள், அது நனைந்து முதுகோடு ஒட்டிக்கொண்டது. நீ அப்போது சிறுமி, மறந்திருப்பாய். நான் மறக்கவில்லை.

இன்னொன்று. புருதென்சியாவின் மகள் உன்னிடம் கேட்கச் சொன்னாள். உனக்கு முதன்முதலில் கையில் தட்டுப்பட்டபோது அது எப்படி இருந்தது? கல் போலவா, கொழுப்பு போலவா? அமுக்கினால் நகர்ந்ததா? வலித்ததா? விவரமாக எழுது. அவள் ரொம்பப் பயந்துகொண்டிருக்கிறாள்.

காசியானா


25 ஜூன் 1995

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே கடும் குளிர். மற்றபடி நலம். நீ கம்பளிச் சால்வை போட்டுக்கொள்கிறாயா?

உன்னிடம் பொய் எழுத முடியாது. பரிசோதனை நாளன்று ஆஸ்பத்திரி வாசல் வரை போனேன். எதிரே இருந்த பெஞ்சில் உட்கார்ந்து, பையில் வைத்திருந்த சீப்பா ரொட்டியைத் தின்றேன். உள்ளே போனவர்களின் முகத்தையும் வெளியே வந்தவர்களின் முகத்தையும் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு வீட்டுக்கு வந்துவிட்டேன். எலாதியோவிடம், எல்லாம் நன்றாக இருக்கிறதாம் என்று சொன்னேன். அவர் சந்தோஷத்தில் கோழி வாங்கி வந்தார். அந்தக் கோழியை என்னால் விழுங்க முடியவில்லை.

புருதென்சியாவின் மகளுக்குச் சொல்: எனக்கு வேக வைக்காத பட்டாணி போல இருந்தது. வலி இல்லை. வலிக்கவில்லையே என்று நான் சும்மா இருந்ததுதான் தப்பு. அவளை உடனே போகச் சொல். தனியாக அனுப்பாதே.

நிமியா


30 ஜூலை 1995

அன்புள்ள அக்காவுக்கு,

நான் எழுதி ஒரு மாதமாகியும் உன்னிடமிருந்து பதில் இல்லை. நம் கடிதங்களைக் கொண்டுவரும் பஸ் கண்டக்டரைக் கேட்டால், "உங்கக்கா இந்தப் பக்கமே வர்றதில்லைம்மா" என்கிறார். உடம்பு எப்படி இருக்கிறது?

நேற்று ஒரு சட்டைக் கைக்கு இஸ்திரி போடும்போது திடீரென்று தோன்றியது. பெட்டியைத் தூக்க மறந்து துணி கருகிவிட்டது.

அக்கா, புருதென்சியாவுக்கு மகளே கிடையாது. எல்லாம் ஆண்பிள்ளைகள். கடைசிப் பையன் பிறந்தபோது தொப்புள்கொடி வெட்டியதே நீதான். ஊரில் யார் எந்த வருஷம் என்ன ரவிக்கை போட்டார்கள் என்று சொல்கிறவள் நீ. நீ மறக்க மாட்டாய்.

அது யாருக்கு? எழுது.

நிமியா


13 ஆகஸ்ட் 1995

நிமியாவுக்கு,

மழை நல்ல மழை. சிவப்பு மாடு கன்று போட்டது. கிடாரி.

எனக்குத்தான். இடது பக்கம், கீழே. பிப்ரவரிக் கடைசியில் குளிக்கும்போது பார்த்தேன். நீ வரப்போகிறாய், உன்னிடம் சொல்லலாம் என்று காத்திருந்தேன். அந்த ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் போனதும் உன்னை உள்ளே கூப்பிட்டுக் காட்டுவதாக இருந்தேன். அதற்குள் எர்மீனியா குழலைத் துடைத்தாள். நான் உன் முகத்தைப் பார்த்தேன். அந்த முகம் எனக்கும் வந்துவிடும் என்று தெரிந்தது. வாயை மூடிக்கொண்டேன்.

உன்னை மிரட்டிப் பரிசோதனைக்குப் போகச் சொன்னவள்தான் நான். பார்க்காதவரை அது இல்லை என்று நீ எழுதினாயே, அந்த வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன்.

எனக்கு அறுபத்தாறு வயது. பேரப்பிள்ளைகளைப் பார்த்துவிட்டேன். இதை இப்படியே விடு.

காசியானா


20 ஆகஸ்ட் 1995

அக்கா,

விடமாட்டேன். நலம் விசாரிக்கவும் மாட்டேன்.

செப்டம்பர் ஏழாம் தேதி, வியாழக்கிழமை, காலை. அன்றைக்கு நீ அசுன்சியோனில் ஆஸ்பத்திரிக்குப் போகிறாய். அதே காலையில் நான் இங்கே போகிறேன். நீ போகாவிட்டால் நானும் பெஞ்சிலேயே உட்கார்ந்திருப்பேன். என் முதுகில் இருப்பது என்ன என்று தெரியாமலே போய்ச் சேருவேன், பாவம் உன் தலையில்.

எல்லாம் நான் சொல்லித் தருகிறேன், கேள். முன்னால் பொத்தான் வைத்த ரவிக்கை போட்டுக்கொள், தலைவழியாகக் கழற்றுவது வேண்டாம். கருகமணியை வீட்டில் வைத்துவிடு. இயந்திரம் மார்பை அமுக்கும், கொஞ்ச நேரம்தான், மூச்சைப் பிடித்துக்கொள். ஊசி குத்துவார்கள். உன் ஆறு பிரசவத்தை நினைத்துக்கொண்டால் அது கொசுக்கடி. டாக்டர் வேகமாகப் பேசினால், "மறுபடியும் சொல்லுங்க" என்று கேள். வெட்கப்படாதே. எனக்கு முதல் தடவை இதையெல்லாம் சொல்ல ஆள் இல்லை. உனக்கு நான் இருக்கிறேன்.

எலாதியோவிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். அவர் திட்டவில்லை. கொத்தனார் இல்லையா, தூக்குக்குண்டைக் கொண்டுவந்து சுவரில் உயரத்தில் பென்சிலால் ஒரு மேல்கோடு போட்டார். தினமும் நான் சுவரில் விரலால் ஏறி எதுவரை கையைக் கொண்டுபோகிறேனோ அங்கே ஒரு கோடு. "மேல்கோடு வந்தா குடம்" என்கிறார். அதற்கு இன்னும் ரொம்ப தூரம்.

கிறிஸ்பீன் அண்ணனிடம் லாரியைக் கேள். பிடிவாதம் பிடிக்காதே.

நிமியா


17 செப்டம்பர் 1995

அன்புள்ள நிமியாவுக்கு,

போனேன். முடிவு இன்னும் வரவில்லை. ஊசி கொசுக்கடி இல்லை, குளவிக்கடி. அதைத் திருத்தி வைத்துக்கொள்.

லாரியில் ஏறப் போனால் நடு சீட்டில் எர்மீனியா உட்கார்ந்திருக்கிறாள். கிறிஸ்பீன் உளறிவிட்டான்.

"உன்னை யாருடி கூப்பிட்டா?"

"யாரும் கூப்பிடலை. அதான் வந்தேன். பொம்பளைங்க பக்கம் உள்ள வர உங்க தம்பியால முடியுமா?"

"கூட்டத்துல என் மேல இடிச்சுக்காத. பாவாடை அழுக்காயிடும், துடைக்கணும்."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். கிறிஸ்பீன் வழியெல்லாம் மாட்டு விலையைப் பற்றிப் பேசினான், பாவம்.

டாக்டர் மீசை முளைக்காத பையன். "எத்தனை மாசமா இருக்கு பாட்டி?" என்றான். பிப்ரவரியிலிருந்து என்றேன். "ஏன் அப்பவே வரலை?" என்றான். திரும்பி எர்மீனியாவைப் பார்த்தேன். அவளுக்குப் புரிந்துவிட்டது. நிறம் மாறிப்போனாள்.

வெளியே காத்திருக்கும்போது தெர்மாஸை எடுத்துத் தெரெரே போட்டாள். முதல் கோப்பை எனக்கு. குடித்துக் கொடுத்தேன். அதே குழலை, என் கண்ணை நேராகப் பார்த்துக்கொண்டே, துடைக்காமல் வாயில் வைத்தாள். கடைசிச் சொட்டு வரை உறிஞ்சினாள். கண்ணில் தண்ணீர் நின்றது.

"தண்ணி சூடாயிடுச்சு" என்றேன்.

நீ போனாயா?

காசியானா


8 அக்டோபர் 1995

அன்புள்ள அக்காவுக்கு,

போனேன். அதே பெஞ்சுக்குப் பக்கத்தில் கால் நின்றது. உனக்கு எழுதியதையே எனக்குச் சொல்லிக்கொண்டேன்: பொத்தான் வைத்த ரவிக்கை, மூச்சைப் பிடி, மறுபடியும் சொல்லச் சொல். அந்நேரம் நீ லாரியில் கிறிஸ்பீன் அண்ணனை அதட்டிக்கொண்டிருப்பாய் என்று நினைத்ததும் சிரிப்பு வந்தது. சிரித்தபடியே உள்ளே போய்விட்டேன்.

ஒன்றும் இல்லை அக்கா. எலும்பு சுத்தம். முதுகுவலி இஸ்திரி மேசையால் வந்ததாம், மேசையை உயர்த்தச் சொன்னார்கள். எலாதியோ அன்றைக்கே செங்கல் வைத்து உயர்த்திவிட்டார். இந்தத் தடவை கோழி உள்ளே போனது.

ஆறு மாதம் கழித்து மறுபடியும் வரச் சொன்னார்கள். பயம் போய்விட்டது என்று எழுதினால் பொய். முந்தாநாள் பல் வலித்தது. தாடைக்கு வந்துவிட்டது என்று உடனே முடிவு செய்தேன். பார்த்தால் ஈறில் சோளத் தோல். ஆனால் பயம் வந்த பிறகும் இப்போது கடைக்குப் போகிறேன், இஸ்திரி போடுகிறேன். அலமாரிக் கதவையும் மூடிவிட்டேன்.

உன் முடிவு வந்ததும் எழுது.

நிமியா


12 நவம்பர் 1995

அன்புள்ள நிமியாவுக்கு,

அதுதான். ஆனால் சின்னது. கட்டியை மட்டும் எடுத்துவிட்டார்கள், மற்றதை விட்டுவைத்தார்கள். அக்குளில் பரவவில்லை என்றான் மீசை முளைக்காதவன். "மறுபடியும் சொல்லு" என்றேன். சொன்னான். இன்னொரு தடவையும் சொல்ல வைத்தேன். இனி கிறிஸ்மஸ் வரை கதிர் வைக்க வேண்டும். கிறிஸ்பீன் லாரியில் போய் வருகிறேன். எர்மீனியாவும் வருகிறாள். எனக்குச் சமைத்தும் போடுகிறாள். உப்பு பத்தவில்லை, சாப்பிடுகிறேன்.

இதை யாருக்கும் எழுதவில்லை, உனக்கு மட்டும். எனக்குப் பயமாக இருக்கிறது. தழும்பைத் தொட்டுத் தொட்டுப் பார்க்கிறேன். நீ ஒரு வருஷம் இதோடு அங்கே தனியாக இருந்திருக்கிறாய்.

கை எதுவரை வந்தது?

காசியானா


7 ஜனவரி 1996

அன்புள்ள அக்காவுக்கு,

மேல்கோட்டுக்கு ஒரு சாண் குறைகிறது. எலாதியோ கோட்டை அழித்துக் கீழே போடட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன்.

வருகிறோம். குடத்தைக் கழுவி வை.

நிமியா


18 பிப்ரவரி 1996

அன்புள்ள நிமியாவுக்கு,

நாங்கள் நலம். நீங்கள் சுகமாகப் போய்ச் சேர்ந்ததைக் கண்டக்டர் சொன்னார்.

மாதா திருவிழாவன்று கோயில் வாசலில் இருந்தவர்கள்: நான், எலாதியோ, கிறிஸ்பீன், எர்மீனியா, புருதென்சியாவும் அவள் பெறாத மகளைத் தவிர மற்ற பிள்ளைகளும், மணிக்கயிற்றில் செவேரோ, மேளக்காரர்கள், ஊர். நீ ஆடிக்கொண்டிருந்தாய், உன்னை நீ பார்த்திருக்க முடியாது. அதனால் எழுதுகிறேன்.

தண்ணீர் நிரப்பிய குடம் கோயில் திண்டின் மேல் இருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு வந்தாய். குடத்தைத் தூக்கினாய். வலது கை காதைத் தாண்டியது, அதற்கு மேல் வரவில்லை. மேளம் நின்றது. எர்மீனியா இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு ஓடினாள். நான் அவள் பாவாடையைப் பிடித்து இழுத்தேன்.

"விடுங்க அண்ணி, பிள்ளை கீழ போட்டுடப் போறா!"

"சும்மா நில்லுடி. அவளுக்குத் தெரியும்."

எனக்கே தெரியாது. வாய் சொல்லிவிட்டது.

நீ குடத்தை மறுபடியும் திண்டில் வைத்தாய். இடது கையால் விளிம்புக்கு இழுத்தாய், பாதி வெளியே நிற்கும்படி. முழங்காலை மடித்து உட்கார்ந்து, சும்மாடு வைத்த தலையைக் குடத்துக்கு அடியில் கொடுத்தாய். அப்படியே எழுந்தாய். கை போகாத உயரத்துக்குக் கால் கொண்டுபோய்விட்டது. செவேரோ நேரம் கெட்ட நேரத்தில் மணியை இழுத்தார். மேளம் பிடித்துக்கொண்டது. நீ பாவாடையை இரண்டு கையாலும் விரித்துச் சுற்றினாய், ஒரு சொட்டு சிந்தவில்லை. பக்கத்தில் வரும்போதெல்லாம் ரவிக்கைக்குள் வறுத்த தினை சலசலத்தது. எனக்கு மட்டும் கேட்டது. எலாதியோ தொப்பியால் முகத்தை மறைத்துக்கொண்டு அழுதார், நல்ல கொத்தனார்தான் போ.

அப்புறம் மாமரத்தடியில் தெரெரே. நீ குடித்து எர்மீனியாவிடம் நீட்டி, "அண்ணி, மிளகாய் தின்னிருக்கேன். வேணும்னா துடைச்சுக்கங்க" என்றாய். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்து அழுது, அப்படியே குடித்தாள். நீ அவளைக் கட்டிக்கொண்டாய். மன்னித்துவிட்டாய். சரி, உன் வாய்க்குப் பிறகு துடைத்த குழல், மன்னிக்க உனக்கு உரிமை உண்டு.

ஏப்ரலில் எனக்குப் பரிசோதனை. உனக்கும் அதே வாரம். போகிற காலையில் பயம் வரும், தெரியும். போவேன். நடு சீட்டில் அவளும் வருவாள், உப்பு பத்தாத கோழியும் தெர்மாஸும் எடுத்துக்கொண்டு. முட்டையெல்லாம் அவளுக்குத்தான் கொடுத்தனுப்புகிறேன். அவள் பேரனுக்கு ஞானத்தாயாக நிற்கவும் ஒப்புக்கொண்டேன்.

ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை நான் வாயைத் திறக்க இருந்தேன். அவள் பாவாடை ஓரம் என் வாயையும் சேர்த்துத் துடைத்துவிட்டது. கோடை போய், குளிர்காலமும் முடிகிறவரை அந்தக் கட்டியோடு நான் தனியாக இருந்தேன். பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடமும் சொல்லிவிட்டேன்: உன்னைப் பெஞ்சில் உட்கார வைத்த பயத்தை மன்னித்துவிட்டேன், மீசை முளைக்காதவனின் ஊசியை மன்னித்துவிட்டேன், அம்மாவை அடுப்புப் பக்கம் உட்கார வைத்ததையும்கூட, முப்பத்தைந்து வருஷம் கழித்து, விட்டுவிட்டேன். நன்றாகச் சாப்பிடு. மேல்கோட்டை அழிக்காதே. அடுத்த பிப்ரவரிக்கு நானும் உன் பக்கத்தில் ஒரு சின்னக் குடத்தோடு நிற்பேன்.

உன் அக்கா,
காசியானா

பின்குறிப்பு: சாமியார் ஒரு பெயர் பாக்கி இருக்கிறதே என்றார். பாக்கி இருக்கட்டும் என்றேன். நான் மன்னிக்காதது இந்த ஊரில் ஒருத்தியைத்தான். எர்மீனியா.